சோளத் தளிரும் வெறும் வயிறும்: மேய்ச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் ஒரு மழை பெய்தால் போதும், அறுத்துவிட்ட சோளக்கட்டையில் பச்சைத் தளிர் கிளம்பிவிடும். வைக்கோலையே மென்று சலித்த மாடு அதைக் கண்டால் விடாது. அவிழ்த்துவிட்ட கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், தள்ளாடி விழும். பாம்பு கடித்திருக்கும் என்று காலைத் தேடிப் பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் அந்தத் தளிர்தான்.

சோளத்தில் துரின் என்றொரு பொருள் இருக்கிறது. இலை கசங்கினாலோ மெல்லப்பட்டாலோ அதிலிருந்து சயனைடு பிரியும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகின்றன. சயனைடு ரத்தத்தில் கலந்துவிட்டால், ஆக்சிஜன் உள்ளே போயும் உடல் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் மாடு மூச்சுத் திணறும்போதும் ஈறும் கண்ணின் உட்தோலும் செக்கச் சிவந்திருக்கும்.

முதல் தவறு, வெறும் வயிற்றோடு சோளக்காட்டில் விடுவது. உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 மில்லிகிராம் சயனைடு மாட்டைக் கொல்லும். 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். பச்சைத் தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் இருந்தால், ஒரு சிறு கட்டு, அதாவது 3 கிலோ போதும். அதே 3 கிலோவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால், ஈரல் அவ்வப்போது வரும் நஞ்சை முறித்துவிடும். தின்ற அளவோடு தின்ற வேகமும் உயிரைத் தீர்மானிக்கிறது. காலையில் வைக்கோலோ உலர்ந்த தட்டோ போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.

அடுத்தது, பயிரின் வயதைப் பார்க்காமல் அறுப்பது. முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள இளம்பயிரிலும், அறுத்த கட்டையில் மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புத் தளிரிலும்தான் நஞ்சு மிக அதிகம். பூக்கும் பருவத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். ஒருமுறை அறுக்கும் சோளத்தைப் பாதிக்குப் பாதி பூத்த பிறகு அறுக்கலாம். கோ.எஃப்.எஸ். 29 போன்ற மறுதாம்புச் சோளத்தில் முதல் அறுப்பு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. பால் குறைகிறதே என்று 30 நாளில் அரிவாளை எடுப்பது பெரிய ஆபத்து. யூரியா அள்ளிப் போட்ட வயலில் நஞ்சு இன்னும் கூடும்.

மழை பொய்த்து வாடிய பயிரை, ‘கதிர்தான் இல்லை, மாடாவது தின்னட்டும்’ என்று திறந்துவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறோம். அந்த வேதனை புரிகிறது. ஆனால் வாடிக் குட்டையாக நின்ற சோளத்தை, வயது முதிர்ந்திருந்தாலும் நம்பக் கூடாது. அறுத்து, தண்டு மடக்கினால் ஒடியும் அளவுக்கு வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஊறுகாய்ப் புல்லாக்கி (சைலேஜ்) 4 முதல் 6 வாரம் கழித்துக் கொடுத்தாலும் நஞ்சு நன்றாகக் குறையும். அரைகுறையாக வாடிய தட்டு காய்ந்த தட்டாகாது. நறுக்கிப் போட்டால் விஷம் போய்விடும் என்பதும் தவறு. நறுக்கிய உடனே வைத்தால் மாடு இன்னும் வேகமாகத் தின்னும். மரவள்ளி இலைக்கும் கிழங்குத் தோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மாடு விழுந்த பிறகு செய்யும் தவறுதான் நெஞ்சை அதிகம் வருத்துகிறது. வாயைப் பிளந்து எண்ணெய், புளிக்கரைசல் என்று ஊற்றுவார்கள். திணறும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும். பிழைக்க வேண்டிய மாடும் அதனால் சாகும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழையுங்கள். தீவனத்தை எடுத்துவிட்டு, மாட்டை விரட்டாமல் நெஞ்சில் படுத்த நிலையில் நிமிர்த்தி வையுங்கள். சோடியம் நைட்ரைட், பிறகு சோடியம் தயோசல்பேட் என மருத்துவர் நரம்பில் ஏற்றுவார். வயிற்றில் மிச்சமிருக்கும் நஞ்சை முறிக்க தயோசல்பேட்டைக் குழாய் வழியாகவும் கொடுப்பதுண்டு. அறிகுறி தோன்றி இரண்டு மணி நேரம் தாங்கிய மாடு பெரும்பாலும் தேறிவிடும்.

மருத்துவரிடம் ரத்தத்தின் நிறத்தைச் சொல்ல மறக்காதீர்கள். பளிச்சென்ற சிவப்பு சயனைடைக் காட்டும். சாக்லேட் போன்ற பழுப்பு, சோளத்தட்டில் சேரும் இன்னொரு நஞ்சான நைட்ரேட்டைக் காட்டும். அதற்கு மருந்து மெத்திலீன் புளூ. அங்கே சோடியம் நைட்ரைட் போட்டால் நிலைமை மோசமாகும். தட்டைக் காயவைத்தாலும் நைட்ரேட் போகாது. அடித்தண்டில்தான் அது அதிகம் தங்கும் என்பதால் அரையடி விட்டு மேலே அறுங்கள்.

அரளி வேறு வகை. அது இதயத்தைத் தாக்கும். ஒரு கைப்பிடி இலைக்கும் குறைவாகவே பெரிய மாட்டைச் சாய்த்துவிடும், காய்ந்தாலும் வீரியம் குறையாது. நெடுஞ்சாலை நடுவில் கத்தரித்துப் போட்ட அரளிக் கிளைகளைத் தழைக்கட்டோடு அள்ளி வராதீர்கள். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். சாணம் இறுகி, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். அப்படிப்பட்ட மாட்டை நாள் முழுக்க நிழலில் கட்ட வேண்டும். புதிதாக வாங்கி வந்த மாடுதான் செடி தெரியாமல் இதில் வாய் வைக்கும்.

செத்த மாட்டை அவசரமாகப் புதைத்துவிடாதீர்கள். முதல் வயிற்றுத் தீனியைக் காற்றுப் புகாத பாட்டிலில் கழுத்துவரை அடைத்து, மேய்ந்த பயிரில் ஒரு பிடியோடு ஐஸில் வைத்து மருத்துவரிடம் கொடுங்கள். மூடி தளர்ந்தால் சயனைடு ஆவியாகிப் போய்விடும். சோதனை முடிவு தெரியும்வரை மற்ற மாடுகளை அந்த வயல் பக்கம் ஓட்ட வேண்டாம்.