பேட்டரி வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் டீலரிடம் கேட்க வேண்டியவை

ஊட்டியிலோ குன்னூரிலோ ரிசார்ட்டுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் நாலைந்து பேட்டரி வண்டி எடுக்கப் போகிறவர்கள் "குழந்தைத் தொழிலாளர் சம்பந்தப்படாத பேட்டரியா?" என்று கேட்டுப் பயனில்லை. "ஆமாம் சார்" என்பார் ஷோரூம்காரர், அவருக்கும் தெரியாது. பேட்டரிக்குள் எந்த உலோகம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அது செல்லின் வகையைப் பொறுத்தது.

செல் எந்த வகை என்பதற்கு பேக்கின் (செல்களை அடுக்கிய பேட்டரிப் பெட்டியின்) லேபிளில் நாமினல் வோல்ட்டை, அதாவது பெயரளவு வோல்ட்டைப் பாருங்கள். 51.2 என்றால் 3.2 வோல்ட் செல் 16 வரிசையாக இணைத்தது, அதாவது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). 50.4 அல்லது 51.8 என்றால் 14 வரிசை, பெரும்பாலும் என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது). வெறும் "48 வோல்ட்" என்பது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சார்ஜரை வைத்து முடிவு கட்ட வேண்டாம்: 16 வரிசை எல்எஃப்பிக்கு 58.4 வோல்ட், 14 வரிசை என்எம்சிக்கு 58.8 வோல்ட், வித்தியாசம் தெரியாது. செல் வகையை எழுத்தில் வாங்குங்கள்.

"மலைக்கு என்எம்சிதான் சரிப்படும்" என்பார்கள். குளிரில் எல்எஃப்பி கொஞ்சம் மந்தமாகும், உண்மைதான். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது என்பதோ இரண்டுக்கும் பொது. தலைக்குந்தாவில் உறைபனி கொட்டும் ஜனவரியிலும் வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி, வெயில் ஏறியபின் சார்ஜ் போட்டால் போதும்.

வகை ஏன் முக்கியம்? என்எம்சி 622 (மூன்று உலோகமும் 6:2:2 விகிதம்) பேக்கில், சேமிக்கும் மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் (kWh) சுமார் 200 கிராம் கோபால்ட் இருக்கும். 3 யூனிட் பேக்கில் 600 கிராம். உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவில் வெட்டப்படுகிறது. அங்குள்ள கொல்வேசி நகரத்தின் பக்கம் கையால் தோண்டும் குழிகள் சரிந்து ஆட்கள் சாகிறார்கள். குழந்தைகள் கோபால்ட் கல் பொறுக்கிக் கழுவுவதை 2016இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் அறிக்கை அம்பலப்படுத்தியது. அந்தக் கல் வாங்குமிடங்களிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் பெரிய சுரங்கத்துக் கனிமத்தோடு கலந்துவிடும். அதன்பின் பிரித்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே சுரங்கத்தின் பெயரைவிட ஆலையின் பெயரைக் கேளுங்கள். "காங்கோ சரக்கே வேண்டாம்" என்று நிபந்தனை போடுவது நல்லதல்ல. தோண்டிப் பிழைப்பவரின் கூலிதான் போகும்.

எல்எஃப்பியில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது. அதற்காக அது சுத்தம் என்று எண்ண வேண்டாம். சிலியின் அட்டகாமாவில் லித்தியத்துக்காக உப்புநீரை உறிஞ்சுவதால் அங்குள்ள பழங்குடியினர் தண்ணீருக்காகப் போராடுகிறார்கள். சில பேக்குகளில் தீ பரவாமல் மைக்கா தகடு வைப்பார்கள். ஜார்க்கண்டில் குழந்தைகள் பொறுக்கும் மைக்காவைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, நீங்கள் கேளுங்கள்.

தயாரிப்பாளருக்கு டீலர் வழியாக ஒரு பக்கக் கடிதம் போதும்: செல் தயாரித்த நிறுவனம் எது, கோபால்ட், நிக்கல், லித்தியம், கிராஃபைட் சுத்திகரித்த ஆலைகள் எவை, அவற்றை வெளியார் தணிக்கை செய்தது எப்போது, குறை கண்டபின் என்ன மாறியது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மை தெரியும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நிறுவனமென்றால், அங்கு 2023இல் வந்த பேட்டரி சட்டத்துக்காகத் தயாரித்த ஆவணங்களைக் கேளுங்கள். தனியாளுக்குப் பதில் வராது. ஓட்டுநர் சங்கமோ நாலு எஸ்டேட்டோ சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் வரும்.

கடிதத்துக்குப் பதிலாக ஏஐஎஸ் 156 என்ற இந்திய வாகனத் தரச் சான்றிதழை நீட்டுவார்கள். அது தீ, அதிர்வு போன்ற பாதுகாப்புச் சோதனை, சுரங்கத்தோடு சம்பந்தமில்லை. தயாரிப்பாளர் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களில் ஒன்றானால் ஆண்டறிக்கையில் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) பகுதியைத் திறந்து, 2ஆம் கோட்பாட்டில் பொறுப்பாகக் கொள்முதல் செய்த உள்ளீடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மனித உரிமை பற்றிய 5ஆம் கோட்பாட்டில் கட்டாயக் கேள்விகள் சொந்த ஆலைகளைப் பற்றியவை. சப்ளையர் கணக்கு விருப்பப்பட்டால்தான்.

பழைய பேட்டரி நம் கையில் இருக்கும் பகுதி. லெட்-ஆசிட் பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டால், யாரோ உடைத்து ஆசிட்டைக் கொட்டி ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குவார்கள். அந்தப் புகை அக்கம்பக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மலையிலிருந்து இறக்கும் லாரிச் செலவு யாருடையது என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒப்படைக்கும்போது பேக்கின் சீரியல் எண் போட்ட ரசீது வாங்குங்கள்.