பதில் வரவில்லையா? உடனே மறுபடி அனுப்பாதீர்கள்

திருகோணமலையில் ஒரு பயண முகவருக்காக விமான நிறுவன ஏபிஐயுடன் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) நேரடி இணைப்பு எழுதினேன். அடைமழையில் இணையம் அறுந்தது. பயணப் பதிவுக் கோரிக்கைக்குப் பதில் இல்லை. என் நிரலோ தானாகவே மறுபடி அனுப்பியது. டோகா போகவிருந்த ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள்! (முகவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.)

பதில் வராவிட்டாலும் பதிவு நடந்திருக்கலாம். கோரிக்கைக்கு உங்கள் சொந்த அடையாள எண் ஒன்றை இட்டு, தரவுத்தளத்தில் எழுதிய பின்பே அனுப்புங்கள். பதில் தவறினால், பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்று உறுதியானால் மட்டும் மறுமுயற்சி.

பதிவு நடந்ததும் வரும் ஆறு எழுத்துப் பதிவுக் குறியீடு மட்டும் டிக்கெட் ஆகாது. 13 இலக்க டிக்கெட் எண் வரவேண்டும்; ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் என்றால் அது 603 இல் தொடங்கும்.