இருமத் தெம்பில்லாதவருக்குச் சளி எடுப்பது எப்படி? கை, காற்றுப் பை, இயந்திரம்: எது யாருக்கு?

சாதாரணச் சளி நமக்கு நாலு நாள் தொல்லை. டுஷென் தசைச் சிதைவு உள்ள பையனுக்கோ, கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருப்பவருக்கோ அதே சளி நிமோனியா ஆகி ஐசியு வரை கொண்டுபோய்விடும். பெரும்பாலும் நுரையீரலில் கோளாறு இருக்காது. சளியை வெளியே தள்ள இருமலில் வலு இல்லை, அவ்வளவுதான். அந்த வலுவை நாம் வெளியிலிருந்து கொடுக்க முடியும். பல வீடுகளில் முதுகைத் தட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். தட்டினால் சளி கொஞ்சம் இளகலாம். மேலே ஏறி வர இருமல் வேண்டும்.

ஓர் இருமலுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க வேண்டும். குரல்வளையை இறுக்கி மூடி அந்தக் காற்றைக் கணநேரம் அடைக்க வேண்டும். பிறகு வயிறும் விலாவும் சேர்ந்து சட்டென்று தள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பவருக்கு இதில் எது முடியவில்லை என்று தெரிந்தால், எந்த முறை என்பது பாதி முடிவான மாதிரி.

முதலில் அளந்து பாருங்கள்

இருமலில் காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்க, ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்துக் கடையில் விற்கும் பீக் ஃப்ளோ மீட்டரே போதும். வாயால் கவ்வி, முடிந்தவரை மூச்சு இழுத்து, அந்த மீட்டருக்குள் இருமச் சொல்லுங்கள். உதடு மூடவில்லை என்றால் முகமூடியில் பொருத்தி அளக்கலாம். மூன்று முறை செய்து அதிகமானதை எழுதி வையுங்கள்.

நல்ல தெம்புள்ள பெரியவருக்கு நிமிடத்துக்கு 360 லிட்டருக்கு மேல் வரும். 270க்குக் கீழே போனால், சளி பிடிக்கும் நாட்களில் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். 160க்குக் கீழே என்றால் சாதாரண நாளிலேயே சொந்த இருமலால் சளி வராது. இவை பெரியவர்களுக்கான கணக்கு. சின்னக் குழந்தைக்குப் பொருந்தாது.

கையால் அழுத்துவது

காசு செலவில்லாத முறை. இழுக்க ஓரளவு முடிகிறது, தள்ளத்தான் முடியவில்லை என்பவருக்கு நன்றாக உதவும். தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக்கைப் போட்டு, முதுகுப் பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அழுத்தும்போது பின்னால் சாயும். உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொப்புளுக்கு மேலே, விலா முடியும் இடத்துக்குக் கீழே வையுங்கள். நெஞ்செலும்பின் நுனி மீது கை படவே கூடாது. "இழுங்க... இழுங்க... இருமுங்க!" என்று சொல்லி, அவர் இருமும் அதே நொடியில் உள்நோக்கியும் மேல்நோக்கியும் சட்டென்று அழுத்துங்கள். நேரம் ஒத்துப்போவதுதான் முக்கியம், பலம் அல்ல. அரை நொடி பிந்தினாலும் அவருக்கு வயிற்றுவலிதான் மிஞ்சும்.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் சமீபத்தில் அறுவை செய்தவர்களுக்கும், விலா முறிந்தவர்களுக்கும் வேண்டாம். டுஷென் பையன்கள் பலர் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பதால் எலும்பு மெலிந்திருக்கும். அவர்களுக்கு விலாவில் அழுத்துவதற்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். முதுகு மிகவும் வளைந்தவருக்கு இந்த முறை அவ்வளவாகப் பலன் தராது.

காற்றை அடுக்குவது

என்னைக் கேட்டால், எல்லா வீட்டிலும் முதலில் கற்க வேண்டியது இதுதான். உள்ளே காற்றே இல்லாதபோது வயிற்றை எவ்வளவு அழுத்தினாலும் என்ன வரும்? காலி பற்பசைக் குழாயைப் பிதுக்குகிற கதைதான்.

ஆம்பு பை என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்களே, கையால் அமுக்கி மூச்சுக் காற்று கொடுக்கும் அந்தப் பைதான். கூடவே முகமூடியோ வாய்க்குழாயோ வேண்டும். வாய்க்குழாய் என்றால் மூக்குக்குக் கிளிப். நேராக உட்கார வையுங்கள். அவர் தானாக ஒரு மூச்சு இழுக்கட்டும். அதை வெளியே விடாமல் அடக்கியிருக்க, அவர் இழுக்கும் தாளத்துக்கு மெதுவாக ஒருமுறை பையை அமுக்குங்கள். மறுபடி அடக்கு, மறுபடி அமுக்கு. மூன்று நான்கு அமுக்கில் நெஞ்சு நன்றாக விரியும். முகமூடி இருக்கும்போது பேச முடியாது என்பதால் முன்பே ஒரு சைகை பேசி வையுங்கள்: "அம்மா, போதும்னா கண்ணை இறுக்கி மூடுங்க." சைகை வந்ததும் முகமூடியை எடுங்கள், சில நொடி அடக்கி, இருமட்டும். அந்த நேரத்தில் வயிற்றையும் அழுத்தினால், தனித்தனியாகச் செய்வதைவிட இருமல் நன்றாக வரும். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

குரல்வளையை மூட முடியாதவர் காற்றை அடக்க முடியாது. அவருக்காக ஒருவழி வால்வு வைத்த பை உண்டு. வால்வே காற்றைத் தடுத்து வைக்கும். இந்தப் பையின் மேல் "மூச்சு நின்றால் இதைப் பயன்படுத்தாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதன் வழியாக மூச்சை வெளியே விட முடியாது. அவசரத்தில் யாராவது இதை எடுத்து அமுக்கினால் உயிருக்கே ஆபத்து.

சளி இல்லாத நாட்களிலும் காலை, மாலை இதைச் செய்வது நல்லது. விலாவும் நுரையீரலும் இறுகாமல் இருக்கும்; காய்ச்சல் வரும் நாளில் இருவருக்கும் கை பழகியிருக்கும்.

இருமல் இயந்திரம்

போலியோ காலத்தில், 1950களில் வந்த யோசனை இது. முகமூடி வழியாகக் காற்றை உள்ளே தள்ளி, நெஞ்சு நிறைந்ததும் சட்டென்று உறிஞ்சும். இழுக்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இருப்பவருக்கு, 160க்குக் கீழே இருப்பவருக்கு, இதுதான் துணை. மூச்சு விடத் தொண்டையில் துளையிட்டு வைக்கும் ட்ரக்கியாஸ்டமி குழாய் உள்ளவருக்கும் பொருத்தலாம்.

பெரியவர்களுக்கு வழக்கமாக உள்ளே 40, வெளியே 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை போவார்கள். முதல் நாளே அவ்வளவு வைத்தால் பயந்துவிடுவார். குறைவாகத் தொடங்கிப் பழக்க வேண்டும். அளவை வைப்பது டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்ட் வேலை. ஐந்து சுற்று, முகமூடியை எடுத்து வாயில் வந்த சளியைத் துடைத்தல், ஓய்வு, மறுபடி ஐந்து. சளி வருவது நிற்கும்வரை தொடரலாம். நியுமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று கசிந்து நிற்பது) வந்தவருக்கும், நுரையீரலில் பெரிய காற்றுக் குமிழிகள் உள்ளவருக்கும் கூடாது.

தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏ.எல்.எஸ். நோயில் பேச்சும் விழுங்குதலும் போனவருக்கு, வேகமாக உறிஞ்சும்போது தொண்டையே ஒட்டிக்கொள்ளலாம். அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அதை வீட்டில் நாமே முயன்று பார்க்க வேண்டாம்.

விலை லட்சங்களில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அப்போ சக்‌ஷன், அதாவது குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வாயிலும் தொண்டையிலும் வந்து நிற்பதை எடுக்க அது நல்லது. உள்ளே விடும் குழாய் பெரும்பாலும் வலது மூச்சுக்கிளைக்குத்தான் போகும். இடது கிளை சாய்வாகப் பிரிவதால் அங்கே இருக்கும் சளி அப்படியே தங்கிவிடும்.

சளி பிடித்த நாளில்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தேடி எடுங்கள். 95க்குக் கீழே இறங்கினால் சளி அடைத்திருக்கலாம் என்று நினைத்து உடனே மேலே சொன்னதைச் செய்யுங்கள். சளி வந்து எண் 95க்குத் திரும்பினால் சரி. திரும்பவில்லை என்றால், உதடு நீலம் பாரித்தால், தூக்கக் கலக்கமாகவே இருந்தால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் சொல்லாமல் வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்து உட்காராதீர்கள். எண் ஏறும், ஆனால் அடைப்பு அப்படியே இருக்கும், உடம்பில் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துகொண்டே போகும். போகும்போது பையையும் இயந்திரத்தையும், நீங்கள் எழுதி வைத்த அளவுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "இவருக்கு மூச்சுத் தசை பலவீனம், இருமல் துணை வேண்டும்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.