செலாங்க் மூக்குச் சொட்டு: குப்பியைத் திறக்கும் முன்

மனப்பதற்றத்தைத் தணிக்கும், கவனத்தைக் கூர்மையாக்கும் என்று சொல்லப்படும் செலாங்க், ஏழு அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த பெப்டைடு. கிருமிகளை எதிர்க்க நம் உடல் செய்யும் எதிர்ப்புரதத்திலிருந்து பிரியும் டஃப்ட்சின் என்ற நான்கு அமினோ அமிலத் துண்டு விரைவில் சிதைந்துவிடும் என்பதால், அதன் வாலில் மேலும் மூன்றைச் சேர்த்து ரஷ்ய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் இதை உருவாக்கினார்கள். விழுங்கினால் செரிமான நொதிகள் வெட்டிவிடும். ஆகவேதான் மூக்கு வழி.

முதலில், கையில் இருப்பது எது என்று பாருங்கள். ரஷ்யாவில் பதிவுபெற்றது 0.15 சதவீதச் சொட்டு மருந்து. அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் இல்லை. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற முத்திரையோடு இணையத்தில் விற்கும் வெள்ளைத் தூள் வேறு பொருள் என்றே கொள்ள வேண்டும்.

தூளோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் தொகுதி எண் குப்பியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, மூலக்கூறு நிறை ஏறத்தாழ 751.9 என்றிருக்கிறதா என்று சரிபாருங்கள். ‘தூய்மை 99 சதவீதம்’ என்ற வரியில் பலர் ஏமாறுகிறார்கள்: அது பெப்டைடு வகை மாசுகளைப் பற்றியது, உப்பும் ஈரமும் அதில் சேராது. பெப்டைடு அளவு 80 சதவீதம் என்றிருந்தால், 5 மில்லிகிராம் தூளில் 4 மில்லிகிராம்தான் மருந்து. கிருமியின்மை, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனைகள் இல்லாத தாளை நான் சான்றாகவே மதிப்பதில்லை. வீட்டு நீரில் கரைத்து மூக்கில் விடுவது தொற்றை அழைப்பது.

அளவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 0.15 சதவீதம் என்றால் 1 மில்லிலிட்டரில் 1.5 மில்லிகிராம்; 0.05 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சொட்டில் 75 மைக்ரோகிராம். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் படித்தால் பிழை ஆயிரம் மடங்கு.

ஆதாரம் மெலிந்தது. மனப்பதற்றமும் நரம்புத் தளர்ச்சியும் உள்ள 62 பேரிடம் மெடாசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்தோடு ஒப்பிட்ட ரஷ்ய ஆய்வில் பதற்றத் தணிப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஆனால் நலமாக இருப்பவரின் அறிவுத்திறன் கூடும் என்பதற்கான பேச்சு பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலேயே நிற்கிறது.

ஏற்கெனவே பென்சோடையசெபைன் (மெடாசெபாம் போன்ற பதற்றத் தணிப்பு மருந்து) உட்கொள்பவர் இதை நம்பி அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்லும் வேகத்திலேயே குறைக்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள். பெயரை மட்டும் சொன்னால் அவரால் எதையும் கணிக்க இயலாது.