கடன் பத்திரங்களைப் பிரிக்கும் முன்: கலிபோர்னியாவில் நடமாடும் நோட்டரியின் தொடக்க வேலைகள்

கலிபோர்னியாவில் வீட்டுக்கடன் பத்திரங்களுக்கான கையெழுத்து, பல நேரங்களில் கடன் வாங்குபவரின் சாப்பாட்டு மேசையிலேயே நடந்து முடிகிறது. எஸ்க்ரோ நிறுவனம் (கடன் பணத்தையும் பத்திரங்களையும் இரு தரப்புக்கும் நடுவில் நின்று கையாளும் நிறுவனம்) அனுப்பும் நோட்டரி, அதாவது கையெழுத்துக்குச் சான்றளிப்பவர், நூறு பக்கங்களைத் தாண்டும் காகிதக் கட்டோடு வருகிறார். கட்டைப் பிரிப்பதற்கு முன் அவர் செய்யும் வேலைகளில்தான் அந்தச் சந்திப்பு சிக்கலின்றி முடியுமா என்பது பெரும்பாலும் தீர்மானமாகிறது.

நீங்கள் அந்த நோட்டரி என்றால், முந்தைய நாளே கடன் வாங்குபவரைத் தொலைபேசியில் அழைத்து, கையெழுத்திட வேண்டிய அனைவரும் வீட்டில் இருப்பார்களா என்பதையும், அடையாள அட்டையிலும் பத்திரத்திலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் இனிஷியலாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருப்பது தமிழர் வீடுகளில் வழக்கம் என்பதால், அங்கே இந்தக் கேள்வியைத் தவறவிடக் கூடாது. பெயர் மாறியிருந்தால் அன்றே எஸ்க்ரோ அலுவலருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

மேசையில் அமர்ந்ததும் முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். அது நடப்பில் இருக்க வேண்டும், அல்லது கடந்த 5 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதன் விவரங்களை நோட்டரிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு, வீட்டை ஈடாக வைக்கும் அடமானப் பத்திரத்துக்கு வலது பெருவிரல் ரேகையையும் பதிய வேண்டும். இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், களைப்பில் மறந்துபோக வாய்ப்புண்டு.

அடுத்து, உங்கள் வேலையின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் நோட்டரி என்றாலே வழக்கறிஞர்தான் என்று எண்ணிப் பழகியவர்கள், வட்டி நியாயமானதா என்று உங்களிடமே கேட்பார்கள். வழக்கறிஞர் அல்லாத நோட்டரி தமிழில் விளம்பரம் செய்தாலும், தாம் சட்ட ஆலோசனை வழங்க இயலாது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்கிறது இம்மாநிலச் சட்டம். கடன் அலுவலரின் எண்ணைக் கையில் வைத்திருந்து, அத்தகைய கேள்விகளை அவரிடம் அனுப்புவதே முறை.

பின்னர் கட்டிலிருந்து குளோசிங் டிஸ்குளோஷரை (கடனின் இறுதி விவரங்களைக் காட்டும் படிவம்) முதலில் எடுத்து வைத்து, வட்டி, மாதத் தவணை, கட்ட வேண்டிய தொகை ஆகியவை மூன்று வேலை நாட்களுக்கு முன் தமக்கு வந்த பிரதியோடு ஒத்துப்போகின்றனவா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டின் மேல், பழைய கடனை அடைக்க வேறொரு நிறுவனத்திடம் மறுகடன் வாங்குகிறார்கள் என்றால், ரத்து உரிமை அறிவிப்பில் (கையெழுத்திட்டபின் மூன்று வேலை நாட்களுக்குள் கடனை ரத்து செய்யலாம் என்று சொல்லும் தாள்) அச்சாகியிருக்கும் கடைசித் தேதியையும் நீங்களே எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்கில் சனிக்கிழமை சேரும். ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறை நாட்களும் சேராது. இடையில் விடுமுறை இல்லையெனில், வியாழக்கிழமை கையெழுத்திட்டவருக்குத் திங்கட்கிழமை நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. தேதி தவறாக இருந்தால், பேனாவை நீட்டுவதற்கு முன் எஸ்க்ரோ அலுவலரை அழையுங்கள்.