சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு: என் அனுபவம்

அரிசோனாவின் டூசான் நகரில், எங்கள் முற்றத்துச் சப்பாத்திக்கள்ளியில் முள் கிளம்பும் இடங்களைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. பூஞ்சைக்கொல்லி அடித்தும் குறையவில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலோ பஞ்சில் ஒட்டாமல் வழிந்தோடியது.

அப்புறம் குச்சியால் பஞ்சை நசுக்கிப் பார்த்தேன். ரத்தம் போலக் கருஞ்சிவப்புச் சாறு! அதுதான் அடையாளம்: கோச்சினீல் பூச்சி. கார்மைன் சாயம் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். இறக்கையில்லாத பெண் பூச்சி மடலில் வாயைச் செருகி, மெழுகு இழைக்குள் ஒளிந்தபடி சாறு உறிஞ்சும். அந்த மெழுகுதான் மருந்தைத் தடுத்திருக்கிறது.

சரி, மெழுகை முதலில் நீக்குவோம் என்று குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். பஞ்சு கழன்று விழுந்தது. இடுக்கில் மிஞ்சியதற்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷும். மறுபடி தலைகாட்டும், அவ்வப்போது பீய்ச்சுங்கள். பூக்கும் மாதங்களில் பூச்சிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், கள்ளித் தேனீக்கள் பூவுக்குள்ளேயே கிடக்கும்.