‘நேரா மேக்க போங்க’ – இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கியவர் நெல்லையப்பர் கோவிலுக்கு வழி கேட்டால், “பாலம் ஏறி நேரா மேக்க போங்க, ஆர்ச்சைத் தாண்டுனா கோவில் வந்துரும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். கேட்பவருக்குத் தமிழ் தெரியாதபோதுதான் நாக்கு தடுக்கிறது. லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட் எல்லாம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே புழங்குகிற சொற்கள், அவை இடறுவதில்லை. இடறுவது இன், ஆன், அட் என்கிற பொடிச் சொற்களில்.

அதற்குக் காரணம் நம் ஏழாம் வேற்றுமை. பாளையங்கோட்டையில், மேசையில், பஸ் ஸ்டாப்பில் என்று எல்லாவற்றையும் ஒரே ‘இல்’ முடித்துவைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘இல்’ மூன்றாகப் பிரியும். சுற்றிலும் எல்லை இருந்து, அதற்குள் அடங்கினால் இன்: ‘இன் பாளையங்கோட்டை’, ‘இன் த கிச்சன்’. ஒரு பரப்பின் மேலோ, ஒரு கோட்டை ஒட்டியோ இருந்தால் ஆன்: ‘ஆன் த டேபிள்’, ‘ஆன் த வால்’, ‘ஆன் த லெஃப்ட்’. வரைபடத்தில் ஒரு புள்ளியாக நினைத்தால் அட்: ‘அட் த பஸ் ஸ்டாப்’. ஒரே இடம் இரண்டையும் ஏற்கும். ‘அட் த ஸ்டேஷன்’ என்றால் ஸ்டேஷன் பக்கம் சந்திப்போம் என்று பொருள், வாசலில் நின்றாலும் சரி. ‘இன் த ஸ்டேஷன்’ என்றால் கட்டடத்துக்கு உள்ளே.

தாமிரபரணியை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். ‘திருநெல்வேலி இஸ் ஆன் த தாமிரபரணி’ என்பது சரியான வாக்கியம். ஊர் கரையை ஒட்டி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும்; அதைத் தாராளமாக ‘இன் த ரிவர்’ எனலாம். 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் ‘ஓவர் த ரிவர்’. அதில் நடந்து போகிறவர் ‘ஆன் த பிரிட்ஜ்’. கொக்கிரகுளத்தில் நின்று பார்த்தால் ஜங்ஷன் ‘அக்ராஸ் த ரிவர்’, அதாவது அக்கரையில். தமிழில் இதில் பாதிக்கு ‘மேலே’ என்றே சொல்லி ஒப்பேற்றிவிடுவோம்.

தெருப் பெயருக்கு முன்னால் இன் போடுவதா, ஆன் போடுவதா? பிரிட்டிஷ்காரர்கள் ‘இன்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஆன்’ என்பார்கள். இரண்டும் சரி. கதவு எண்ணோடு சொன்னால் மட்டும் ‘அட்’.

கார்னர் என்ற சொல்லில் பலரும் தவறுவார்கள். நெல்லைக்காரருக்கு இது எளிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம்மிடம் ‘முக்கு’ இருக்கிறது. தெரு முக்கு என்றால் ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’. அறையின் மூலை என்றால் ‘இன் த கார்னர்’. முக்கில் நிற்கும் பெட்டிக்கடையை ‘இன் த கார்னர்’ என்று சொன்னால் ஏதோ அறைக்குள் தேடச் சொல்வதுபோல இருக்கும்.

அடுத்த குழப்பம் ‘எதிர்ல’. இரண்டுக்கும் நடுவே ரோடோ வேறு இடைவெளியோ இருந்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தால் ஆப்போசிட். கீழ ரதவீதி இருட்டுக்கடை ‘ஆப்போசிட் த டெம்பிள்’. கோவில் வாசலை ஒட்டி நிற்கும் பூ வண்டி ‘இன் ஃப்ரன்ட் ஆஃப் த டெம்பிள்’. இதை மாற்றிச் சொன்னால் கேட்டவர் ரோட்டின் தப்பான பக்கத்தில் நின்று தேடுவார். ‘பக்கத்துல’ என்பதற்கும் இரண்டு உண்டு. சுவரோடு சுவராக இருந்தால் ‘நெக்ஸ்ட் டு’, சற்றுத் தள்ளி என்றால் ‘நியர்’.

‘டு’, ‘ஆஃப்’ என்று வால் ஒட்டும் சொல் எது, ஒட்டாத சொல் எது என்பதை மனப்பாடம் செய்வதுதான் வழி. நியர், ஆப்போசிட், பிஹைண்ட், பிட்வீன் இவற்றுக்குப் பின்னால் எதுவும் வேண்டாம். ‘கோவிலுக்கு’ என்பதில் வரும் ‘கு’வை நினைத்துக்கொண்டு ‘நியர் டு’, ‘ஆப்போசிட் டு’ என்று இழுத்துவிடுகிறோம். நெக்ஸ்ட் டு, க்ளோஸ் டு, இன் ஃப்ரன்ட் ஆஃப் இவற்றில் வால் இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும். பின்பக்கத்தைப் ‘பேக்சைட்’ என்று மட்டும் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டார் காதில் அது புட்டம் என்று விழும். ‘பிஹைண்ட் த டெம்பிள்’ போதும்.

திசைக்கு வருவோம். நாம் கிழக்கு மேற்கு சொல்லியே வழி காட்டிப் பழகியவர்கள். மலைப்பக்கம் மேடு, கடல்பக்கம் பள்ளம். அதனால் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. கீழ ரதவீதியை ‘லோயர்’ என்று பெயர்த்துவிடாதீர்கள், அது ‘ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்’. அந்தக் ‘கார்’ தேர் என்பதும் புதியவருக்குத் தெரியாது, மோட்டார் கார் நிறுத்தும் தெரு என்று நினைப்பார். ‘ஜங்ஷன்’ என்றால் நாலு ரோடு கூடுமிடம் என்றும், ‘டவுன்’ என்றால் மொத்த ஊர் என்றும் எடுத்துக்கொள்வார். ஆகவே ‘ரயில்வே ஸ்டேஷன்’, ‘தி ஏரியா அரௌண்ட் த டெம்பிள்’ என்று விரித்துச் சொல்லுங்கள். சிக்னலை ‘டிராஃபிக் லைட்ஸ்’ என்றால் யாருக்கும் புரியும்.

வெளியூர்க்காரருக்கு மேற்கு எது என்று தெரியாது. சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். அவரை நேருக்கு நேர் பார்த்து நின்று சொன்னால் நம் இடது அவருக்கு வலதாகிவிடும். திரும்பி, அவர் போக வேண்டிய திசையைப் பார்த்து, அவர் பக்கத்தில் நின்று கையை நீட்டுங்கள். ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று ‘யுவர்’ சேர்த்துச் சொல்வது நல்லது.

வழியை ஒரே வாக்கியமாகக் கோக்க வேண்டாம். தமிழில் ‘ஏறி’, ‘போய்’, ‘தாண்டி’ என்று வினையெச்சமாக நீட்டலாம். ஆங்கிலத்தில் ஒரு செயலுக்கு ஒரு கட்டளை போதும். மேலே சொன்ன வழி இப்படி ஆகும்: ‘கோ ஓவர் த ஃப்ளைஓவர். கோ ஸ்ட்ரெய்ட் ஆன். கோ த்ரூ தி ஆர்ச். கீப் கோயிங் அன்டில் யூ ரீச் ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட். த டெம்பிள் இஸ் இன் ஃப்ரன்ட் ஆஃப் யூ.’ ஈரடுக்குப் பாலம் ரயில் பாதைக்கு மேலே போவதால் ஓவர். ஆர்ச் வளைவுக்குள் நுழைந்து வெளியே வருவதால் த்ரூ. ரோட்டோடு ஒட்டியே போனால் அலாங், ஒன்றைக் கடந்து மேற்கொண்டு போனால் பாஸ்ட்: ‘கோ பாஸ்ட் த பெட்ரோல் பங்க்’. ரோட்டின் குறுக்கே போக ‘கிராஸ் த ரோடு’.

‘டர்ன் லெஃப்ட்’ முழு வாக்கியம். ‘டர்ன் டு லெஃப்ட் சைட்’ வேண்டாம். எத்தனாவது திருப்பம் என்று சொல்ல ‘டேக் த செகண்ட் லெஃப்ட்’. எண்ணத் தொடங்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள், ‘ஆஃப்டர் த பிரிட்ஜ்’ என்று; இல்லாவிட்டால் முட்டுச்சந்தையும் சேர்த்து எண்ணிவிடுவார். ‘ஸ்ட்ரெய்ட்லி’ என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. ரீச் என்றால் அதன் பின்னால் டு வராது. நடந்து என்பது ‘ஆன் ஃபுட்’. ‘பை வாக்’ தவறு.

வண்டியில் ஏறுவதற்கும் இதே கணக்குத்தான். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயிலுக்கு ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. குனிந்து உட்காரும் ஆட்டோ, காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’.

நாமே வழி கேட்கும்போது ‘ஹவ் டு கோ’ என்று தொடங்காமல் ‘ஹவ் டூ ஐ கெட் டு த பஸ் ஸ்டேஷன்?’ என்று கேட்கலாம். மரியாதை கூட்டி ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கினால் வரிசை மாறும்: ‘வேர் த பஸ் ஸ்டேஷன் இஸ்’ என்று இஸ் கடைசிக்குப் போய்விடும். பதில் வேகமாக வந்து பாதி விட்டுப்போனால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். ‘சாரி, லெஃப்ட் ஆர் ரைட் ஆஃப்டர் த பிரிட்ஜ்?’ என்று விட்டுப்போன இடத்தை மட்டும் திரும்பக் கேளுங்கள்.